மலை உருளையை விதைக்குக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் இருக்கும் என் அண்ணன் மகள் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, மாடியில் சாக்கில் உருளை போடப் போகிறேன். உங்கள் ஊர்க் கிழங்கு நான்கு கிலோவும் ஒரு பை மண்ணும் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்" என்றாள். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டாள். அவளைப் போலவே கேட்கிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் காரணத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்கிறேன்.

கோத்தகிரியில் என் வீட்டுப் பின்கட்டில் மூன்று வருடங்களாக ரசாயனம் எதுவும் இல்லாமல் அரிசிச் சாக்குகளில் உருளை வளர்க்கிறேன். முதல் வருடம், காலங்காலமாக உருளை விளைந்த ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு கூடை மண் வாங்கி வந்தேன். கறுகறுவென்று, தொட்டால் பொலபொலவென்று உதிரும் மண். இரண்டு மாதத்தில் செடிகள் குன்றிவிட்டன. கீழ் இலைகள் பழுத்தன, உச்சி வெயிலுக்குத் தலை தொங்கியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கக் குண்டூசித் தலையளவில் மஞ்சள் முத்துகள்!

அதுதான் முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1961இல் உதகையில்தான். ஒவ்வொரு முத்தும் ஒரு பெண் புழுவின் உடல். அது செத்த பிறகும் அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், உருளை வேரின் கசிவு வந்து தொடும்வரை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், இன்னொரு ஊருக்குப் போய்விடும். அதனால்தான் நீலகிரியின் விதைக்கிழங்கு மலையைவிட்டு வெளியே போக 1971இல் தடை விதித்தார்கள். சமைத்துச் சாப்பிட ஒரு தீங்கும் இல்லை, தாராளமாக வாங்குங்கள். மண்ணில் மட்டும் புதைக்காதீர்கள்.

அடுத்த வருடம் மண்ணை மாற்றினேன். உருளை, தக்காளி, கத்தரி எதுவுமே போடாத இடத்து மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. எங்கள் புளிப்பு மண் உருளைக்கு ஒத்துப்போகும். சாம்பலையும் சுண்ணாம்பையும் அள்ளிக் கொட்டினால்தான் கிழங்கில் சொறி விழும். சாக்கின் அடியில் ஓட்டை போட்டு, வாயைப் பாதிவரை மடித்து, முளைவிட்ட கிழங்கு இரண்டை வைப்பேன். தண்டு ஒரு சாண் வளர வளர மண் அணைத்து, மடிப்பைத் தூக்கிவிடுவேன். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சாப்பிடக் கூடாது என்பதால் இதில் சோம்பல் ஆகாது.

சாக்கின் பெரிய நன்மை எனக்கு மழைக்காலத்தில்தான் புரிந்தது. மூடுபனியும் ஈரமும் சேர்ந்தால் பின்கருகல் நோய் ஒரு வாரத்தில் தோட்டத்தையே கருக்கிவிடும். கிழக்குப் பார்த்த இறவாணத்தின் கீழ் சாக்குகளை வைத்தேன். இலை நனையவில்லை, காலை வெயில் கிடைத்தது. இந்த நோய்க்கு அடிக்கும் மயில்துத்தக் கலவையைத் தெளிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாக்குக்கு ஒன்றேமுக்கால் கிலோ கிடைத்தது.

விதைக்குத்தான் அலைந்தேன். விற்கும் இடத்தில், "45 கிலோ மூட்டையாகத்தான் தருவோம்" என்றார்கள். நான்கு சாக்குக்காரிக்கு மூட்டை எதற்கு? வேறு வழியில்லாமல் எங்கள் ஊரில் பலரும் மார்க்கெட் கிழங்கையே நட்டுப் புழுவை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் நம் மலைக்கென்றே இருக்கின்றன. தோட்டக்கலைத் துறை அவற்றின் நோயற்ற விதையை ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளாக மலைவாழ் வீடுகளுக்கு விற்க வேண்டும். எங்கள் மலையில் கடைப்போகம் என்கிற பருவத்தின் நடவு ஆகஸ்டில் தொடங்குகிறது. அதற்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

அண்ணன் மகளிடம், வேறு பகுதியில் விளைந்த சான்று விதையை வாங்கிக் குளிர் தொடங்கும் ஐப்பசியில் நடச் சொல்லியிருக்கிறேன். இராப்பொழுது குளிர்ந்தால்தான் கிழங்கு இறங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியை,
கோத்தகிரி