கீரிமலை ஐயாவுக்கும், அன்று ஓடி வந்த எல்லோருக்கும்

அன்று யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் என் மகன் தண்ணீரில் மூழ்கியதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். பிள்ளை நலமாக இருக்கிறான். திருச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். என் கைநடுக்கம்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை.

போட்ட உடுப்போடு குதித்த தம்பிகள் இருவர், காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், பெண்கள் கேணியிலிருந்து ஈரத்துணியோடு ஓடி வந்த என்மேல் தன் சால்வையைப் போர்த்திய அக்கா, ராத்திரி முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்த தாதியர் எல்லோருக்கும் என் கைகூப்பு. சால்வை என்னிடம்தான் இருக்கிறது அக்கா.

ஐயா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

விட்டுப்போன செருப்பையும் பையையும் எடுக்கத்தான் இரண்டு நாள் கழித்து வந்தோம். அவன் ஆட்டோவை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த நீங்கள் கிட்டே வந்தீர்கள். தைரியம் சொல்லவில்லை. "கடலைப் பாப்பம், வா ராசா" என்று மட்டும்தான் சொன்னீர்கள். அவன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்நீரில் விரலை நனைத்து நாக்கில் வைக்கச் சொன்னீர்கள். முகத்தைச் சுளித்தான். அப்புறம் கேணியின் மேல்படியில் உட்கார்த்தி, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, "இப்ப ருசிச்சுப் பாரன், கடல் மாதிரிக் கரிக்குதோ?" என்றீர்கள். இல்லை என்று தலையாட்டினான். "எல்லாம் மழைத்தண்ணி ராசா. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வருது." பத்தடி தள்ளிக் கடல், இங்கே நல்ல தண்ணீர். அவன் வாய் பிளந்து கேட்டான். கேட்டுக்கொண்டே கால் இரண்டையும் தண்ணீரில் விட்டதை அவனே கவனிக்கவில்லை.

1990இல் போரால் ஊரை விட்டுப் போனதையும், இங்கே திரும்பி வர விடாமல் இருந்த வருடங்களையும் அவனிடம் ஏதோ பள்ளிக்கூடக் கதை மாதிரி சொன்னீர்கள். "நானும் கனகாலம் இந்தத் தண்ணியில கால் வைக்கேல்லை. திரும்பி வந்த அண்டைக்கு முதல் படியிலதான் இருந்தனான்." ஒன்பது வயதுப் பிள்ளையின் பயத்துக்குப் பக்கத்தில் உங்கள் துக்கத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

காவிரிக்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. நானும் அவனும் இந்த வாரமே கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டோம். வரும் ஆடி அமாவாசைக்கு என் அப்பாவுக்கான கடனைக் கீரிமலையில்தான் செய்யப் போகிறேன்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் ஐயா. காலையில் கேணிக்குக் குளிக்கப் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் படி வரைக்கும் இறங்கியாயிற்று, அடுத்த முறை மூன்றாம் படிக்கு வருவேன் என்று என் மகன் சொல்லச் சொன்னான்.