டொர்னேடோ என்று பெயர் சொல்லி எச்சரிக்கை வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவில், நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்து டோங்காட்டில் டொர்னேடோ என்னும் சுழற்காற்று வீசியதிலிருந்து ஒரு கேள்வி ஓய்ந்தபாடில்லை: ‘அமெரிக்காவில் டெக்சஸ், லூசியானா கடற்கரைக்கெல்லாம் டொர்னேடோ வாட்ச் போடுகிறார்கள், நமக்கு ஏன் போடுவதில்லை?’ வானம் கறுக்கிறபோதெல்லாம் வாட்ஸ்அப்பில் இதே பேச்சுதான். கட்டட வேலையிலும் கோயில் பந்தல் வேலையிலும் இருப்பவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம். அந்தப் பெயரில் ஓர் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். குவாசுலு-நாட்டாலில் இடிமழை எச்சரிக்கைதான் டொர்னேடோ எச்சரிக்கையும்.

அமெரிக்காவில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் முதலில் வாட்ச் போடும். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு. காற்றும் ஈரமும் கூடி வந்திருக்கின்றன, கவனமாக இருங்கள் என்று மட்டுமே அதற்குப் பொருள். பிறகு ரேடாரில் சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் கண்டு சொன்னாலோ, உள்ளூர் வானிலை அலுவலகம் வார்னிங் போடும். அது சிறு பகுதிக்கு, அரை மணி முக்கால் மணி நேரத்துக்கு. இத்தனை வசதியிருந்தும், வார்னிங்குக்கும் காற்றுக்கும் நடுவே பல நேரம் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

இங்கே தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும், 1 முதல் 10 வரை எண்ணும் கொடுக்கிறது. பலத்த காற்று, ஆலங்கட்டி, கொட்டும் மழை, மின்னல் எல்லாம் ‘கடும் இடிமழை’ என்ற ஒரே தலைப்புக்குள் வரும். டொர்னேடோவும் அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. இந்த நிறத்தைத்தான் நம்மவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்ற இரண்டையும் கூட்டித்தான் நிறம் போடுகிறார்கள். வாய்ப்பு குறைவு என்பதாலேயே நிறம் தணிந்து நிற்கலாம். வந்தால் சேதமும் சிறிதாகத்தான் இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு டொர்னேடோ வரும் வாய்ப்பு எந்த நாளிலும் குறைவுதான். ‘மஞ்சள்தானே’ என்று துணி காயப்போடுகிற பழக்கம் நல்லதல்ல.

ரேடார் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ரேடார் கதிர் அரை டிகிரி சாய்வில் கிளம்பினாலும், பூமியின் வளைவும் சேர்ந்து, நூறு கிலோமீட்டர் தாண்டும்போது தரைக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மேகத்தின் நடுவயிறு சுழல்வதைத்தான் அது பார்க்கும். தரையைத் தொட்டுவிட்டதா என்று அதனால் சொல்ல முடியாது. மலையும் பள்ளமுமான நம் உள்நாட்டில் இது இன்னும் சிக்கல். பனையும் மரங்களும் அடர்ந்த கடற்கரையில், மழைத்திரைக்குள் வரும் சுழற்காற்றைக் கண்ணாலும் பார்க்க முடியாமல் போகும். இருட்டிய பிறகு கேட்கவே வேண்டாம்.

பருவத்தை நம்புவதும் தவறு. இடிமழைக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்பது சரிதான். நியூ ஹனோவரில் டொர்னேடோ வீசியது 2019 நவம்பர் 12, மவுண்ட் அய்லிஃபை அழித்தது 1999 ஜனவரி 18. ஆனால் டோங்காட்டில் நடந்தது ஜூன் மாதக் குளிரில். மேலடுக்கில் தனியாகத் துண்டித்துக்கொண்டு நிற்கும் குளிர்ந்த காற்றழுத்தத் தாழ்வு, அதாவது கட்-ஆஃப் லோ, அப்போது நம் பக்கம் வந்திருந்தது. கீழே அகுல்ஹாஸ் நீரோட்டத்தால் கடல் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கிறது. மேலே குளிர். கீழ்க்காற்று கடலிலிருந்து ஒரு திசையில், மேல்காற்று மேற்கிலிருந்து வேறு வேகத்தில். மேகம் சுழலத் தொடங்க இவ்வளவு போதும். 2022 ஏப்ரலில் டர்பனில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளமும் இதே வகைத் தாழ்வின் வேலை. ஆகவே வானிலைச் செய்தியில் ‘கட்-ஆஃப் லோ’ என்று காதில் விழுந்தால், மாதம் எதுவானாலும் அதைக் கோடை இடிமழை நாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை வந்த காலையில் செய்யவேண்டியது அதிகமில்லை. ஜோஜோ எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். காலியான 2500 லிட்டர் தொட்டியை இரண்டு பேர் தூக்கிவிடலாம், காற்றும் தூக்கிவிடும். நிரம்பினால் இரண்டரை டன். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் போனபின் அதே தண்ணீர் குடிக்க உதவும். தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் வைத்திருக்கும் செங்கல்லையும் டயரையும் இறக்குங்கள். பெருங்காற்றில் அவை கூரையைக் காப்பதில்லை, அடுத்த வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். கைபேசியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். டவருக்கு மின்சாரம் போய் நெட்வொர்க் படுத்துவிட்டால் பேட்டரி ரேடியோதான் துணை, லோட்டஸ் எஃப்எம் போட்டுவையுங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் உறவினரோடு பேச்சு வைத்திருங்கள். உள்நாட்டில் உருவாகி மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இடிமேகம் அங்கிருந்து டர்பன் வர ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ‘இங்கே ஆலங்கட்டி கொட்டுகிறது’ என்று ஒரு போன் வந்தால் அதுவே நல்ல முன்னறிவிப்பு.

வீட்டில் எங்கே ஒதுங்குவது? நிலவறைக்குப் போ என்கிற அமெரிக்க அறிவுரை நமக்கு உதவாது. நிலத்தடி நீர் மேலே இருப்பதால் அவர்களுடைய கடற்கரை வீடுகளிலேயே பெரும்பாலும் நிலவறை கிடையாது. தரைத்தளம், நடுவீடு, ஜன்னல் இல்லாத சிறிய அறை அல்லது நடை. பொதுவாகக் குளியலறையைச் சொல்வார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் வீடுகளில் கீசர் பல நேரம் குளியலறைக்கு நேர்மேலே சீலிங்குக்குள் படுத்திருக்கும். 150 லிட்டர் கீசர் என்றால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கூரை கிளம்பினால் அது நேரே கீழே வரும். சீலிங் மூடியைத் திறந்து கீசர் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவிட்டு, அதற்குக் கீழே இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மெத்தை, போர்வை, ஆளுக்கொரு ஜோடி மூடிய காலணி, இருந்தால் ஹெல்மெட் எல்லாம் அங்கே இருக்கட்டும். கம்பிக்கதவுச் சாவியும், மின்கேட்டைக் கையால் திறக்கும் சாவியும் ஒருவர் கழுத்தில் தொங்கட்டும். திருடனுக்காகப் போட்ட பூட்டு, இடிபாட்டிலிருந்து வெளியேற முடியாதபடி நம்மையே அடைத்துவிடும். நடக்க முடியாத ஆயாவை முதல் இடி கேட்டதுமே அந்த அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அது ஆகாது.

வெண்டி ஹவுஸ் என்கிற மரப்பலகை வீடு, தகரக் கொட்டகை, கார் நிறுத்தும் ஷெட் எதுவும் பாதுகாப்பல்ல. ஒற்றைச் செங்கல் மதிலின் ஓரமும் அப்படியே. பின்கட்டில் தகர அறையில் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டுக்குள் கூப்பிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1998 டிசம்பர் 15 அன்று உம்டாட்டாவில் டொர்னேடோ வீசியபோது அங்கிருந்த நெல்சன் மண்டேலாவே ஒரு மருந்துக்கடைக்குள்தான் ஒதுங்கியிருந்தார்.

‘அழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்துவை’ என்று பழைய அறிவுரை ஒன்று உலவுகிறது. செய்யாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால்தான் கூரை போகிறது. பல வீடுகளில் முதலில் உடைவது கராஜ் கதவு, அதன் பிறகுதான் கூரை.

கூரையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 39 கிலோ அழுத்தம் தரும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் உறிஞ்சல் அதைவிட அதிகம். அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான். கான்கிரீட் ஓடு ஐம்பது கிலோவை ஒட்டி. தகரக் கூரை தன் எடையால் உட்கார்ந்திருப்பதில்லை, கட்டினால்தான் நிற்கிறது. அதனால்தான் கூரைச் சட்டத்தைப் பிடிக்கும் இரட்டை இழை 4 மி.மீ. கால்வனைஸ் கம்பியோ இரும்புப் பட்டையோ, ஓட்டுக்கூரைக்குச் சுவருக்குள் 300 மி.மீ. ஆழமும் தகரக்கூரைக்கு 600 மி.மீ. ஆழமும் இறங்கவேண்டும் என்கிறார்கள். 600 மி.மீ. என்றால் ஏழு வரிசைச் செங்கல். அவ்வளவு செங்கலின் எடையைச் சேர்த்துத் தூக்கினால்தான் கூரை கிளம்பும்.

நாங்கள் பார்க்கும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பின்னால் கூட்டிக் கட்டிய அறையில் கம்பி மேல் இரண்டு வரிசைச் செங்கலோடு நின்றுவிடும், அல்லது கடல் உப்பில் துருப்பிடித்து நூலாகியிருக்கும். திருகாணிக்குப் பதில் ஆணி அடித்திருப்பார்கள். காற்றில் தகரம் ஒவ்வொரு முறை அசையும்போதும் ஆணி ஒரு முடியளவு மேலே வரும். வராந்தாக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே தகரமாக நீட்டியிருப்பார்கள். வராந்தா பிய்த்துக்கொண்டால் வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வராந்தாவைத் தனித் தகரமாக வெட்டிவிடுவது அரைநாள் வேலை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்: மணிக்கு 220 கிலோமீட்டர் சுழற்காற்று தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 230 கிலோ. அது நேராக மோதினால் நாங்கள் கட்டிய எந்தக் கம்பியும் நிற்காது. ஆனால் டொர்னேடோ செல்லும் தடம் குறுகலானது. அதன் ஓரத்தில் இருக்கும் வீடுகள்தான் அதிகம், கம்பி காப்பாற்றுவது அவற்றைத்தான்.

இனி கோயில். தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில், இடிமழை உச்சத்தில் வருகிறது. தீபாவளிக்கும் அதே ஆபத்து. இந்த நாட்களில் பிற்பகலும் மாலையும்தான் இடிக்கு நேரம் என்பதால், திறந்தவெளியில் நடக்கவேண்டியதை மதியம் ஒரு மணிக்குள் முடிக்கும்படி நிகழ்ச்சி அமைப்பது நல்லது. பந்தலுக்கு ஒரு கணக்கு: 6 மீட்டருக்கு 12 மீட்டர் கூடாரம் 72 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றின் அழுத்தத்தை அப்படியே தூக்குவிசையாக எடுத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கும் மேல், 1200 கிலோ அளவு. நான்கு மூலைக்கு நான்கு 200 லிட்டர் டிரம் தண்ணீர் வைத்தால் 800 கிலோதான். தார்த்தளத்தில் டிரம்மை மட்டும் நம்பி நிற்கிற கூடாரம் இடிமழையின் முதல் காற்றுக்கே நடக்கத் தொடங்கும். மண்ணில் அடித்த முளையும், முதல்நாள் மழையில் மண் ஊறியிருந்தால், பாதிப் பிடிதான். எவ்வளவு காற்றுவரை நிற்கும் என்று கூடாரம் தருபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மைக்கைப் பிடித்து ‘எல்லோரும் மண்டபத்துக்குள் போங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் முன்கூட்டியே ஒருவருக்கு இருக்கவேண்டும். கமிட்டி கூடி முடிவெடுக்கிற நேரமல்ல அது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரம்தான். கூடாரத்தின் இரும்புக்கால், உயரமான தேர், தோளில் இருக்கும் காவடி எதுவும் மின்னலுக்கு விலக்கல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். அன்னதான அடுப்பில் 48 கிலோ கேஸ் சிலிண்டரை முதலில் மூடி, சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். எண்ணெய்ச் சட்டியை இறக்கித் தரையில் வைத்து மூடுங்கள். காற்றில் பந்தல் விழுந்தால் அதன் கீழே எரிகிற அடுப்பு இருப்பதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது.

சாலையில் இருப்பவருக்கு: என்2 நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும், பின்னால் வருபவர்களுக்கும் வழி அடைபடும். பெட்ரோல் நிலையத்துக் கூரை வெறும் தகரப் பலகை. உள்ளே கட்டடம் இருந்தால் அங்கே போங்கள்.

காற்று ஓய்ந்ததும் அறுந்த கம்பி எல்லாவற்றிலும் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். பழைய மாநகராட்சி வீடுகளின் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காயவைத்துப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நுண்தூசி தடுக்கும் எஃப்எஃப்பி2 முகமூடி போட்டு, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள். அவசர உதவிக்குக் கைபேசியிலிருந்து 112.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகை அச்சாகி வருவதற்குள் அன்றைய இடி முடிந்துவிடும், ஆகவே எச்சரிக்கையைப் போடச் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வார இதழ்களில், பண்டிகை நேரங்களுக்குப் பக்கத்திலேயே, கோயில் கமிட்டிகளுக்கான பந்தல் கணக்கையும், மைக் யார் கையில் என்று எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோட்டையும் அச்சிடுங்கள். வெட்டியெடுத்துக் கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டுகிற அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டட, பந்தல் வேலையில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
வெருலம்