ஏ.சி. செய்த குற்றம், ஆர்கன் தலையில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் சிறு ஆலயத்தில் ஒரு பைப் ஆர்கன், அதாவது குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் இசைக்கருவி, இருக்கிறது. துணி அலமாரி அளவுதான், நான்கே ஸ்டாப்புகள் (குழல் வரிசையைத் திறந்து மூடும் குமிழ்கள்). ‘சுருதி நிற்கவில்லை, தள்ளிவிட்டு மின்னணு ஆர்கன் வாங்கலாம்’ என்று சபையில் பேச்சு எழுந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக அதை வாசித்து வருபவள் நான். குறை ஆர்கனில் இல்லை.

சென்ற ஆண்டு ஏ.சி. பொருத்திய பிறகுதான் இந்தத் தொல்லை. முன்பு ஆராதனை நேரத்தில் 30 டிகிரி இருக்கும், இப்போது 23. குழலுக்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். ஏழு டிகிரிக்கு, சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். இளையோர் வாசிக்கும் கீபோர்டோ அசையாது. இரண்டும் சேர்ந்தால் காது கூசத்தானே செய்யும்? அதோடு முகப்பிலுள்ள உலோகக் குழல்கள் சட்டென்று குளிர்ந்துவிடும், பெட்டிக்குள்ளே இருக்கும் மரக்குழல்கள் சூடாகவே நிற்கும். முதல் பாமாலையில் ஆர்கன் தன்னோடு தானே சேராமல் போவது இதனால்தான்.

ஈரம் இன்னொரு பிரச்சினை. ஆறு நாள் புழுக்கம், ஞாயிறு இரண்டு மணி நேரம் உலர்காற்று. போன மாதம் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய மரக்குழலின் மூடிக்கட்டையைச் சுற்றிய தோல் ஒரு பக்கம் தளர்ந்து, விரல் பட்டதும் கட்டை ஆடியது. அந்தக் கட்டையை ஏற்றி இறக்கித்தான் சுருதி சேர்க்கிறோம். குழலின் தலையை அது அடைத்திருப்பதால்தான் நான்கடிக் குழல், திறந்த எட்டடிக் குழலின் தாழ்ந்த சுரத்தைத் தருகிறது. அவ்வளவு நாதமும் ஓர் அலமாரிக்குள் அடங்குகிறது.

பிலிப்பீன்சின் லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் 1824-இல் முடித்த மூங்கில் ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது. 1031 குழல்களில் 902 மூங்கில். 1973-இல் அதைப் பழுதுபார்க்க ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பியபோது, நம் பக்கத்து வெப்பத்தையும் ஈரத்தையும் ஓர் அறைக்குள் உண்டாக்கி, அங்கே வைத்துத்தான் வேலை செய்தார்கள். பழக்கப்பட்ட காற்றை விட்டுப் பிரிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெயிலில் நடந்து வரும் முதியோருக்குக் குளிர்ச்சி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏ.சி.யை 27-இல் வையுங்கள், காற்று ஆர்கன் பக்கம் வீச வேண்டாம், அந்தச் சூட்டிலேயே ஒருமுறை சுருதி சேர்க்கட்டும். தோல் மாற்றுவது ஒரு நாள் வேலை. விலை பேச ஆள் வருமுன் இதைச் செய்து பார்க்கும்படி எங்கள் சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலய இசைப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்