முதலீட்டுக் கணக்கில் விடுபட்ட கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரகடம் மருத்துவக் கருவிகள் பூங்கா குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலீடு, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி எல்லாம் இருந்தன. அங்கே தயாராகும் பொருளின் தரத்தை எப்படி உறுதிசெய்வார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சிரிஞ்சுத் தொழிற்சாலையொன்றின் தரப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால் எழுதுகிறேன்.

"சோதித்துத்தானே அனுப்புகிறார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். சிரிஞ்சில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க உறையைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததை யாருக்கும் போட முடியாது. அதனால் தயாரிக்கும் முறை பிசகாது என்பதை முன்கூட்டியே நிரூபித்து வைக்க வேண்டும். தொழிலில் இதை வேலிடேஷன் என்கிறோம். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள், ஐந்தாம் அட்டவணையில் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்வதையே எடுத்துக்கொள்வோம். பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் என்ற பாக்டீரியாவின் எளிதில் சாகாத வித்துகளை, துண்டுக்குப் பத்து லட்சம் வீதம் ஏற்றிய காகிதத் துண்டுகளை, வாயு எளிதில் எட்டாத இடங்களாகப் பார்த்துச் சரக்குக்குள் செருகுவார்கள். வழக்கமான நேரத்தில் பாதி மட்டுமே வாயு ஓடும். அதற்குள் அத்தனை வித்துகளும் செத்திருக்க வேண்டும். ஒரு துண்டில் வளர்ச்சி தெரிந்தாலும் தோல்விதான். இப்படி மூன்று முறை. பாதி நேரத்திலேயே தேறிவிட்டால், முழு நேரம் ஓடிய பின் ஒரு சிரிஞ்சில் கிருமி தப்பியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டாது. உறை ஒட்டும் இயந்திரத்துக்கும் இத்தகைய பரீட்சை உண்டு: சூடு குறைந்தால் ஓரம் பிரியும், மிஞ்சினால் பிரிக்கும்போது காகிதம் கிழிந்து நார் உதிரும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். வேலிடேஷன் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். ஒரு நாள் உறைக்கான காகிதம் தருபவர் மாறுவார். பிறிதொரு நாள் லாரியில் இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டிக்குள் சரக்கை நெருக்கி அடுக்குவார்கள். "அதே இயந்திரம்தானே, மறுபடி எதற்கு?" என்று மேலாளர் கேட்பார். நெருக்கி அடுக்கினால் வாயு உள்ளே புகும் வழியே மாறிவிடும் என்று சொன்னால் உற்பத்திக் கணக்கைக் காட்டுவார்.

நான் பார்த்தவரை, ஒப்பந்தப்புள்ளிகளில் விலைதான் முதலில். தரத்துக்குச் சான்றிதழ் நகல் ஒன்று போதும். கொள்முதல் அதிகாரிகள் கூடுதலாக இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: கிருமிநீக்க வேலிடேஷன் கடைசியாக எப்போது நடந்தது? அதன் பின் எதையெல்லாம் மாற்றினீர்கள்? கோப்பைத் தேடி எடுக்க எத்தனை நாள் ஆகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு அலுவலர்,
செங்கல்பட்டு