அந்தப் பழைய பதிப்பைக் கழித்துவிடாதீர்கள்: பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களே,

வணக்கம். சிறார் இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். என் வேலையில் பாதி உங்கள் அலமாரிகளுக்கு நடுவேதான் நடக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நேர்ந்த ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு சிறுவர் நாவலின் பழைய பதிப்பு எனக்குத் தேவைப்பட்டது. கணினிப் பட்டியலில் இருந்தது, அலமாரியில் இல்லை. விசாரித்தபோது, கழிவில் போய்விட்டது, அதாவது தேவையில்லை என்று நூலகத்திலிருந்து நீக்கிவிட்டோம் என்றார்கள். பல ஆண்டுகளாக யாருமே எடுக்கவில்லையாம். "அதே கதையின் புதுப் பதிப்பு நல்ல நிலையில் இருக்கிறதே, அது போதாதா?" என்று அங்கிருந்தவர் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். போதாது என்று சொன்னேன். ஏன் என்பதை நின்ற நிலையில் விளக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டாலின் சிறுவர் நாவலான 'சார்லி அண்டு தி சாக்லேட் ஃபேக்டரி' 1964-இல் முதன்முதலாக வந்தபோது, கதையில் வரும் சாக்லேட் ஆலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்புக் குள்ளர்களாக இருந்தார்கள். அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று கண்டனம் எழுந்தது. 1973-இல் வந்த திருத்திய பதிப்பில் ஆப்பிரிக்காவும் இல்லை, கறுப்பு நிறமும் இல்லை. பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் பெரியவர்களின் மனம் எப்படி மாறியது என்பதை அறிய எனக்கு இரண்டு பதிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். புதியது மட்டும் கையில் இருந்தால், இப்படி ஒரு மாற்றம் நடந்தது என்றுகூடத் தெரியாமல் போய்விடும்.

பெரியவர்களுக்கான நாவலில் இவ்வளவு எளிதாக யாரும் கைவைப்பதில்லை. சிறுவர் நூல்களை ஓயாமல் திருத்துகிறார்கள், சுருக்குகிறார்கள், வேறோர் ஓவியரைக் கொண்டு மறுபடி வரைய வைக்கிறார்கள். பல சமயம் முன்னுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பட்டியலில் ஒரே தலைப்பாகத் தெரிகிற இரண்டு பிரதிகள் உண்மையில் இரண்டு புத்தகங்களாகவே இருக்கலாம்.

அதோடு, குழந்தைகள் புத்தகம் தப்பிப் பிழைப்பதே அபூர்வம். 'நியூ இங்கிலாந்து பிரைமர்' என்ற எழுத்தறிவு நூல் 1690 வாக்கில் பாஸ்டனில் அச்சானது. தலைமுறை தலைமுறையாக அதில்தான் பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள். ஆனால் இன்று நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழைய பிரதி 1727-ஐச் சேர்ந்தது. அதற்கு முந்தைய பிரதிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிள்ளைகள் புரட்டிப் புரட்டியே தீர்த்துவிட்டார்கள். அந்தக் கைகளிலிருந்து தப்பி உங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பிரதி, உங்கள் கழிவுப் பட்டியலில் போய் முடியும்போது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு நூலகத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் பார்த்தேன். கதையில் வரும் ஓநாய்க்கு எல்லாப் பக்கத்திலும் கண்ணை மட்டும் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கிறுக்கி மறைத்திருந்தது ஏதோ ஒரு குழந்தை. கடைசிப் பக்கத்தில், ஓநாய் போய்ச் சேர்ந்த பிறகு, கிறுக்கல் இல்லை. அந்தப் பிரதியில் 'சேதமடைந்தது' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். ஒரு குழந்தை கதையை எப்படி வாசித்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சியை நான் பார்த்ததில்லை. கிறுக்கல், பரிசாகக் கொடுத்தவர் எழுதிய வரி, ஒட்டுப்போட்ட பக்கம் எல்லாமே எங்களுக்குச் சான்று. மேலுறையும் அப்படித்தான். எந்த வயதுக்கு என்று பதிப்பாளர் போட்டிருக்கும் குறிப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பைண்டிங்குக்கு அனுப்பும்முன் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைக் கழிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் துறைக்கென்று உங்களிடம் ஒரே அலமாரி கிடையாது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பில் சிறார் இலக்கிய விமரிசனம் 809.89282-இல் இருக்கும். சிறுவர் வாசிப்பு 028.5, தொடக்கக் கல்வி 372, சிறுவர் நூல் ஓவியம் 741.642, நாட்டார் கதைகள் 398.2. ஒரு கட்டுரைக்காக நான் மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, வழியில் தேடாதது பலவும் கிடைத்திருக்கிறது. ஆனால் கழிவுப் பட்டியலைத் துறைவாரியாகப் போடும்போது இந்தச் சிதறல் ஆபத்தாகிவிடுகிறது. ஒரு பழைய சிறுவர் புத்தகம் கல்வியியல் துறைக்குக் காலாவதியான பயிற்சி நூல். இலக்கியத் துறையின் கண்ணுக்கு அந்தப் பட்டியல் போவதே இல்லை. இரண்டு துறைக்கும் நடுவில் புத்தகம் விழுந்துவிடுகிறது.

தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் 'சிறார் இலக்கியம்' என்ற பொருள் தலைப்பில் தேடினால் பெரும்பாலும் சிறார் நூல்களைப் பற்றிய நூல்கள்தான் வரும். கதைப் புத்தகங்கள் 'யானைகள் – சிறுவர் புனைவு' என்பதுபோல அதனதன் பொருளின் கீழ் கிடக்கும். இது தெரியாத புது ஆய்வு மாணவர், நூலகத்தில் ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுகிறார். அப்புறம் 'யாரும் எடுக்கவில்லை' என்று உங்கள் கணக்கில் ஏறுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

இவையெல்லாம் நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த லீனா டி கிரம்மண்ட், எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் தானே கடிதம் எழுதி, கையெழுத்துப் படிகளையும் மூல ஓவியங்களையும் தரும்படி கேட்டார். 1966-இல் அப்படித் தொடங்கிய சேகரிப்பு இன்று அவர் பெயரிலேயே உலகம் அறிந்த தொகுப்பாக நிற்கிறது. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, கேட்டார்.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிறது. அந்தப் பழைய பதிப்புக்கான வாசகர் நான்தான். கொஞ்சம் தாமதமாக வந்தேன்.

அடுத்த முறை கழிவுப் பட்டியல் தயாராகும்போது, சிறுவர் நூல் என்று தோன்றுவதையெல்லாம் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைத்து, ஆய்வாளர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். நானோ என்னைப் போன்ற ஒருவரோ வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று காரணத்தோடு எழுதித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஒரு சிறார் இலக்கிய ஆய்வாளர்