விசிறிவால் சோடி ஒன்று உனக்கு

அன்பு நண்பா,

நலம். உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

சரி, கிளிமூக்குச் சேவலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். அலகு குட்டையாகத் தடித்து, நுனி கீழே வளைந்து, அசல் கிளியின் மூக்குதான். கொண்டை சின்னதாகத் தலையோடு ஒட்டியிருக்கும். வெள்ளை முழி. வாலோ மற்ற சேவல்களுக்குப் போல மேலே வளையாது. முதுகின் போக்கிலேயே நீண்டு தரையைத் தொடும். அதைத்தான் விசிறிவால் என்பார்கள். சண்டைக்கோழி வழியில் வந்த இனம்தான், ஆனாலும் இதை வளர்ப்பது அழகுக்காக. திண்டுக்கல் கண்காட்சியில் நீ ஒருமுறை பார்க்க வேண்டும்.

நிறங்களுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர்களே தனி அழகு: காகம், கீரி, மயில், வல்லூறு, நூலான், செவலை. என் சேவல் காகம். கறுப்புதான், ஆனால் காலை வெயிலில் நின்றால் இறகில் பச்சை ஓடும். மழைக்காலத்தில் வால் சேற்றில் இழுபடக் கூடாதென்று உயரமாகக் கட்டை போட்டு, கீழே மணல் கொட்டி வைத்திருக்கிறேன்.

அவசரக்காரனுக்கு இது ஒத்துவராது. பண்ணை முட்டைக்கோழி வருஷத்துக்கு 300 இடும். இது 30, 40 இட்டாலே பெரிது. பெட்டை கனமானது, அடையில் முட்டையை மிதித்து உடைத்துவிடும். அதனால் உடம்பு சிறுத்த நாட்டுக்கோழியான சிறுவிடையிடம் அடைவைப்பேன். 21 நாளில் பொரிந்தாலும் எது நல்ல குஞ்சு என்று உடனே தெரியாது. மூக்கு வளைவதும் வால் இறங்குவதும் வளர வளரத்தான் புலப்படும். வால் முழுசாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

போன மார்கழியில் ஒரு தப்பு செய்துவிட்டேன். சந்தையில் வாங்கிய பெட்டையைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேராகக் கூட்டத்தில் விட்டேன். குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடும் நாளையும் தள்ளிப் போட்டிருந்தேன். கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. 11இல் 3தான் மிஞ்சின. நாலு தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்த வழி, பத்தே நாளில் போனது. அந்தப் பஞ்சாரத்தை இன்னும் எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். மிஞ்சியதில் பிறந்த குஞ்சுகளில் ஒரு சோடியை நீ வைத்துக்கொள். எல்லாம் என் ஒரே தொழுவத்தில் இருந்தால் இன்னொரு கழிச்சலுக்குத் தாங்காது. உன் தோட்டத்தில் இடம் இருக்கிறது, உனக்குப் பொறுமையும் இருக்கிறது. ஊசியெல்லாம் போட்டுத்தான் தருவேன். அப்புறம், வேறு வழிப் பெட்டை ஒன்று கிடைத்தால் சேர்க்கலாம்; சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தால் குஞ்சு நோஞ்சானாகிவிடும்.

மாசியில் வருகிறாயா? வரும்போது காற்றுப் போகிற மாதிரி பெரிய கூடையாக எடுத்து வா.

உன்
பழைய கூட்டாளி