பீரோவில் இருக்கும் அந்த மாத்திரை அட்டையைப் பற்றி

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவள் பத்தாம் வகுப்பில் அழுத அழுகையெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். உன் கை விஷயத்துக்கு வருகிறேன். முடக்கு வாதத்துக்கு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தும் அட்டையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையாமே, ஊரில் சுற்றுகிற வைரஸ் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளாதா" என்று கேட்டிருக்கிறாய்.

பயம் நியாயமானதுதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குகிற இந்த முடக்கு வாதத்தோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், "எதிர்ப்பு சக்தி" என்று ஒரே மொத்தமாக ஒன்று உடம்பில் இல்லை. எந்த மருந்து, எந்த வைரஸ், எவ்வளவு டோஸ் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாம் இரண்டு பேரும் விலங்கியல் படித்தவர்கள், உனக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

முதலில் உன் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். நமக்கு வாரத்துக்கு ஒரே நாள், 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இரண்டையும் சேர்த்தே எச்சரிக்கை போட்டிருப்பதால் படித்தவுடன் கை நடுங்கத்தான் செய்யும். இந்தச் சின்ன அளவில் சளி, காய்ச்சல் மாதிரியான தொற்றுகள் கொஞ்சம் கூடலாம், அவ்வளவே. நான் ஞாயிற்றுக்கிழமை இரவு போடுகிறேன், காலண்டரில் அந்தக் கட்டத்தில் பேனாவால் ஒரு டிக், மறுநாள் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. தயவுசெய்து தினமும் போட்டுவிடாதே, அதுதான் இந்த மருந்தில் உண்மையான ஆபத்து, வாரத்துக்கு ஒரு முறை என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

நீ பயப்பட வேண்டியது எதற்கென்றால், பயமே இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறாயே, அந்த ஸ்டீராய்டுக்கு. வலி தாங்காத அன்று ஒன்று, கல்யாண வீட்டுக்குப் போகும் முன் ஒன்று என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவதாக எழுதியிருக்கிறாய். ஆறுதலாக இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க உள்ள மூட்டுவாத மருத்துவர்கள் சேர்ந்து தங்கள் நோயாளிகளின் விவரங்களை ஒரு பதிவேட்டில் திரட்டினார்கள். அதில் முதல் 600 பேரைப் பார்த்தபோது, தினம் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு எடுத்தவர்கள்தான் ஆஸ்பத்திரியில் அதிகம் சேர்ந்திருந்தார்கள். பெரிய ஊசி என்று எல்லோரும் மிரளுகிற டி.என்.எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) தடுப்பு மருந்துகளை எடுத்தவர்களோ குறைவாகத்தான் சேர்ந்திருந்தார்கள். அந்த மருந்துதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் எதற்குப் பயப்படுவது என்ற நம் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

அப்புறம் டொஃபாசிட்டினிப் என்ற மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் கேட்கவில்லையென்றால் அடுத்து அதுதான் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மதினி அதைத்தான் சாப்பிடுகிறார். ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தவுடன் அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியே விடுகிறது, திருடன் புகுந்த வீட்டுக்காரர் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி கத்துவது போல. பக்கத்துச் செல்களின் மேல் அந்தச் சத்தம் வந்து விழுந்ததும், அதை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தச் சொல்கிற நொதிகளுக்கு ஜேக் என்று பெயர். டொஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் எல்லாம் அந்த ஜேக் நொதிகளைத்தான் தடுக்கின்றன. மூட்டில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளும் அதே வழியில் போவதால் வலி குறைகிறது, கூடவே வைரஸ் எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது.

இதனால் தலைதூக்குகிற முக்கியமான ஆள் அக்கி. சின்ன வயதில் நமக்கு வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கப் படுத்திருக்கிறது அல்லவா, அதேதான். டொஃபாசிட்டினிப் சோதனைகளில் 100 பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் ஏறக்குறைய 4 பேருக்கு அக்கி வந்தது, ஜப்பானிலும் கொரியாவிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மதினிக்கு வலது விலாவில் முதலில் வெறும் எரிச்சல், சேலை பட்டாலே சுரீர் என்றார், மறுநாள் முதுகிலிருந்து மார்பின் நடுக்கோடு வரை பட்டையாக நீர்க் கொப்புளங்கள், இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் பெரியவர்கள் மண்பாண்டம் செய்கிறவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வரலாம் என்றார்கள். எழுதட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கொப்புளம் காய்ந்துவிட்டது, நரம்பு வலி மட்டும் சில மாதம் இழுத்தது. இதற்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது, ஷிங்ரிக்ஸ் என்று பெயர், இந்தியாவில் 2023இலிருந்து கிடைக்கிறது. இரண்டு ஊசி. அதில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் நம் போன்றவர்களும் போடலாம். விலை அதிகம்தான், ஆனால் ஜேக் மாத்திரை தொடங்கப் போகிறாய் என்றால் முதலில் இதைப் பற்றிக் கேள்.

இன்னொன்று, ஈரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி வைரஸ். நம் தலைமுறைக்குக் குழந்தைப் பருவத்தில் அதற்கான தடுப்பூசி கிடையாது. எப்போதோ வந்து ஆறியதாக நினைத்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் பதுங்கியிருக்கும், சில மருந்துகளால், முக்கியமாக ரிடுக்சிமாப் என்ற ஊசி மருந்தால், மறுபடி எழுந்து ஈரலையே அழித்துவிடலாம். 2013இல் அமெரிக்காவில் அந்த மருந்தின் எச்சரிக்கையையே இதற்காகக் கடுமையாக்கினார்கள். ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி என்று இரண்டு பரிசோதனை, முன்கூட்டியே எடுத்துவிட்டால் தெரிந்துவிடும், வைரஸ் இருப்பது தெரிந்தால், அது எழாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. உன் டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பழைய சீட்டைப் பார். (டி.பி. பரிசோதனையும் பார்ப்பார்கள், அது வைரஸ் இல்லை என்பதால் இங்கே விடுகிறேன்.)

கொரோனாவில் நடந்த இன்னொரு விஷயத்தையும் நீ யோசித்துப் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிறகு டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் என்று நம் மூட்டுவாத மருந்துகளே கொரோனா வார்டுக்குள் போயின. நோய் முற்றிய கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது வைரஸ் மட்டுமில்லை, கட்டுக்கடங்காத நம் அழற்சியும்தான். அதே டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தரவில்லை. நேரம் எவ்வளவு முக்கியம் பார்.

தடுப்பூசிக்கும் மாத்திரைக்கும் இடையிலும் ஒரு கணக்கு உண்டு. ஃப்ளூ ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கிறது என்று கொரியாவில் ஆய்வு செய்து காட்டினார்கள். நோய் அடங்கியிருந்தால்தான் இதைச் செய்யலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். நீ இன்னும் தொடங்கவே இல்லை என்பதால் ஊசிகளுக்கு இதுதான் தோதான நேரம். அதற்காக மாத்திரையை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதே. கட்டுப்படாத முடக்கு வாதமே தொற்றைக் கூட்டும், விரல் கோணினால் திரும்ப நேராகாது, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அதனால் இந்த வாரமே போய் மூன்று விஷயம் கேள்: ஹெபடைட்டிஸ் பரிசோதனை ஆகிவிட்டதா, எந்தெந்த ஊசி முதலில், ஸ்டீராய்டை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது. சட்டென்று நீயாக நிறுத்தாதே, அதுவும் ஆபத்து. இடையில் காய்ச்சல் வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடும் முன் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அந்த நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த மாதம் மதினியைச் செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு உன் ஊருக்குத்தான் வருகிறோம், இரண்டு நாள் உன் வீட்டில்தான். நீ எதுவும் சமைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாலா